புதினா பூக்க விட்ட கோடை

அந்த வருஷம் மலையூரான இகீரில் மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெய்யவில்லை. டிசம்பரில் இரண்டு நாள் தூறியது, அதோடு சரி. வசந்தம் வந்தால் மலைச்சரிவு முழுக்கத் தைம் செடி பூத்து, காற்றே மணக்கும். இந்தத் தடவை செடிகள் விறகுக் குச்சிகளாக நின்றன. ஆடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோயின.

பீஹியின் தேனீக்கள் சாக ஆரம்பித்த விஷயம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் இஜ்ஜாவுக்குத் தெரிந்தது. அவளிடம் யாரும் அவன் பேச்சை எடுப்பதில்லை. அவள் அவனை விட்டு அப்பா வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரோ சின்னது. ஒரே கடை, ஒரே மசூதி, ஒரே ஊற்று. அப்படியும் இருவரும் எட்டு வருஷம் நேருக்கு நேர் பார்க்காமலே ஓட்டிவிட்டார்கள். அவன் கடைக்கு வரும் நேரம் அவளுக்குத் தெரியும், அவள் ஊற்றுக்குப் போகும் நேரம் அவனுக்குத் தெரியும். "புருஷன் பொண்டாட்டியா இருக்கறவங்களுக்குக்கூட ஒருத்தர் நேரம் ஒருத்தருக்கு இவ்வளவு சுத்தமாத் தெரியாது" என்று பக்கத்து வீட்டு யம்னா கேலி செய்வாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பீஹியின் தங்கை கெல்தூம் வந்தாள். அண்ணனும் அண்ணியும் பிரிந்தாலும் அவள் இஜ்ஜாவை 'அண்ணி' என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. இஜ்ஜா வாசலில் உட்கார்ந்து மறுநாள் சந்தைக்குப் புதினாக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற மாதிரி இருந்தா கோவிச்சுக்குவேன். கேளு."

கெல்தூம் கீழே உட்கார்ந்து, ஒரு புதினாத் தண்டை எடுத்து விரலில் சுற்றினாள். "தேனீயெல்லாம் பட்டினி கிடக்குது அண்ணி. பாதிக்கூட்டுக்கு மேல காலி. சீனிப் பாகு காய்ச்சி வெச்சுப் பாத்துட்டார். அது கஞ்சி குடிச்சு உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற மாதிரிதானாம். பூ வேணுமாம். மலையில பூ ஏது? ஊர்ல பச்சையா மிச்சம் இருக்கறது பொம்பளைங்க வீட்டுப் பாத்தி மட்டும்தான்."

"என் பாத்தியில பூ ஏது? மொட்டு விடறதுக்கு முன்னாடியே அறுத்துடறேனே."

"அதான் அண்ணி. அறுக்காம விடணுமாம்."

இஜ்ஜா சிரித்துவிட்டாள். அவளுடைய பிழைப்பே அந்த அறுப்புதான். அப்பா விட்டுப்போன சுற்றுச்சுவர் தோட்டத்தில் புதினா நாலு நீளப் பாத்தி, கொத்தமல்லி இரண்டு, ஓரமாக மரு, திருநீற்றுப்பச்சை, சேஜ். செவ்வாய்தோறும் வேனில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். பூ விட்டால் புதினா இலை முரடாகிவிடும், டீயில் போட்டால் கசப்பு இறங்கும். பூத்த புதினாவைச் சந்தையில் கழுதைக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

"இதை யாரு கேக்கறது? நீயா, உங்க அண்ணனா?"

"அவர்தான்."

"அவருக்கு வாய் இல்லையா?"

"இருக்கே. சாப்பிடறாரே."

"அப்ப அதே வாயால வந்து கேக்கச் சொல்லு. என் வாசல்ல நின்னு."

கெல்தூமின் முகம் மாறியது. பெரிய விலை கேட்டதுபோல அவள் இஜ்ஜாவைப் பார்த்தாள். உண்மையில் அது பெரிய விலைதான்.

பதினோரு வருஷம் இஜ்ஜா அந்த வீட்டில் வாழ்ந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. மாமியார் நல்ல உழைப்பாளி, கூர்மையான நாக்கு. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இந்த வீட்டுல தேனீ மட்டும்தான் பெருகுது" என்பாள். பீஹி ஒன்றும் சொல்ல மாட்டான். மெல்ல எழுவான், கையை நீள அங்கியான ஜெல்லாபாவில் துடைப்பான், கூடுகள் இருக்கும் பக்கம் போய்விடுவான். அவன் இஜ்ஜாவை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. சந்தையிலிருந்து வரும்போது அவளுக்குப் பிடித்த உப்புக் கடலையைச் சட்டைப்பையில் கொண்டுவருவான். ஆனால் "போதும்மா" என்ற ஒரு வார்த்தையை அந்தப் பதினோரு வருஷத்தில் அவன் வாய் சொல்லவில்லை. ஒரு நாள் அவள் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். சமாதானம் பேசப் பெரியவர்கள் வந்தபோது, "அவர் வந்து கூப்பிடட்டும், போறேன்" என்றாள். அவன் வரவில்லை. கொஞ்ச நாளில் விவாகரத்துக் காகிதம் வந்தது.

மாமியார் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அன்று இஜ்ஜா கூஸ்கூஸ் சமைத்துக் கெல்தூமிடம் கொடுத்து அனுப்பினாள். தான் போகவில்லை.

இப்போதும் அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் வந்துவிட்டான்.

தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே மண்ணில் நின்றான். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த யம்னா எடுத்த துணியை மறுபடி கொடியில் போட்டாள், இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்பதற்காக.

"ஸலாம், இஜ்ஜா."

"ஸலாம், ஸி பீஹி. என்ன விஷயமா வந்தீங்க?"

அந்த 'ஸி'யும் அந்த 'நீங்க'வும் புதுசு. குடித்தனம் நடத்திய நாளெல்லாம் அவனை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மரியாதை கொடுத்துத் தள்ளி நிறுத்துகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"கெல்தூம் சொல்லியிருப்பா."

"கெல்தூம் சொன்னதுக்குக் கெல்தூம்கிட்டயே பதில் சொல்லியாச்சு. நீங்க என்ன கேக்க வந்தீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். காலைப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது அவன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தேனீ மெல்ல ஊர்ந்து மணிக்கட்டுக்கு வந்தது. இறக்கை அடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

"பூ வேணும் இஜ்ஜா. இந்தக் கோடை மட்டும் அறுக்காம விடு. மத்த வீடுங்கள்லயும் கேட்டேன். ஆளுக்கு ஒரு தொட்டி, ஒரு மூலைன்னு விடறேன்னாங்க. எல்லாம் சேத்தாலும் உன் ஒரு பாத்திக்கு ஆகாது. உன்னோடதுதான் பெருசு. நீ விட்டாத்தான் உண்டு."

மேலேயிருந்து யம்னாவின் குரல் வந்தது. "இஜ்ஜா, மனுஷன் இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. உக்கார ஏதாவது போடு. மயங்கி விழுந்தா நாமதான் தூக்கணும்."

இஜ்ஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சந்தை போச்சு எனக்கு. பரவால்ல, எண்ணெய்க்காரங்களுக்கு ஆர்கான் கொட்டை உடைச்சுக் கொடுத்து ஓட்டிக்குவேன். தண்ணிக்கு என்ன பண்றது? என் தொட்டியில அடி தெரியுது. அறுக்காம விட்டாலும் பூக்கற வரைக்கும் செடி உசிரோட இருக்கணுமே."

"நான் கொண்டாந்து தரேன்."

"தினமுமா?"

"தினமும். சாயங்காலம்."

"வாசல் வரைக்கும்தான்."

"வாசல் வரைக்கும்தான்" என்று ஒப்புக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் கோவேறு கழுதையின் குளம்புச் சத்தம் கேட்கும். இரண்டு பக்கமும் நீலக் கேன்கள் தொங்க, ஊற்றிலிருந்து ஏற்றப் பாதையில் அவன் வருவான். கேன்களை வாசலில் இறக்கி வைப்பான், நேற்றைய காலிக் கேன்களை எடுத்துக்கொள்வான், "ஸலாம்" சொல்லிப் போய்விடுவான். அவள் ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போய்ப் பாத்திக்கு ஊற்றுவாள்.

அறுக்காமல் இருப்பது, செய்து பார்க்கும்போதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. காலையில் எழுந்தால் கை தானாக அரிவாளைத் தேடியது. புதினா கொழுகொழுவென்று அறுப்புக்கு நின்றது. செவ்வாய்க்கிழமை வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைக் கடந்துபோனபோது இஜ்ஜா தலை நிமிரவில்லை. கல்லின் மேல் ஆர்கான் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் அடித்தாள், ஒவ்வொரு அடியும் தேவைக்கு மேலாகவே விழுந்தது.

முதலில் கிளம்பியது கொத்தமல்லி. அகல இலைகள் சுருங்கி நூல்நூலாகி, தண்டு இடுப்பு உயரத்துக்குப் போய், தலையில் வெள்ளைப் பூக்குடை விரித்தது. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரே ஒரு தேனீ வந்து, ஒவ்வொரு பூவாக நுழைந்து பார்த்துவிட்டுப் போனது. மத்தியானத்துக்குள் பாத்தியே முணுமுணுக்க ஆரம்பித்தது. அன்று அவன் தண்ணீர் இறக்கும்போது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"வந்துடுச்சுங்க."

"தெரியும். காலையில கூட்டுக்குத் திரும்பி வந்தப்ப காலெல்லாம் மகரந்தம். உன் வீட்டுப் பக்கமிருந்துதான் வந்துச்சு."

"என் வீட்டுப் பக்கமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவன் கேனைத் தூக்கிக்கொண்டு கழுதையின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

கொத்தமல்லி சீக்கிரம் முடிந்துவிடும் என்று இஜ்ஜாவுக்குத் தெரியும். புதினா எல்லாப் பாத்தியும் ஒரே நேரத்தில் பூத்தால் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடும், பிறகு இந்த ஜீவன்கள் எங்கே போகும் என்று யோசித்தாள். ஒரு பாத்தியை அப்படியே விட்டாள். அடுத்ததை ஒருமுறை ஒட்ட அறுத்தாள், அது பின்னால் பூக்கட்டும் என்று. மற்ற இரண்டிலும் நுனி மட்டும் கிள்ளினாள். திருநீற்றுப்பச்சையில் பூங்கதிர் காய்க்க விடாமல் பூத்து முடிந்ததை ஒடித்துவிட்டாள், அது மறுபடி மறுபடி கிளைத்துக் கதிர் விட்டது. ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி வைத்தாள், தேனீ நின்று குடிக்க. இதையெல்லாம் பீஹியிடம் சொன்னபோது அவன் வாசலில் நின்றபடியே பாத்தி பாத்தியாகப் பார்த்தான். பிறகு, "நல்ல யோசனை" என்றான். பதினோரு வருஷத்தில் இப்படி இரண்டு தடவை சொல்லியிருப்பான். ஒரு தடவை கத்தரிக்காய்க் குழம்புக்கு.

ஜூன் கடைசியில் புதினா பூத்தது. இஜ்ஜா எட்டு வருஷமாகப் புதினா வளர்க்கிறாள், புதினாப் பூவை நின்று பார்த்தது கிடையாது. மொட்டைக் கண்டாலே அரிவாள் போய்விடும். இப்போது கணுவுக்குக் கணு வளையமாக, ஊதாவும் இல்லாத இளஞ்சிவப்பும் இல்லாத ஒரு நிறத்தில், கடுகளவு பூக்கள். அவள் பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். முகத்துக்குப் பக்கத்தில் தேனீக்கள் போய்வந்தன, அவளைக் கண்டுகொள்ளவில்லை. பீஹியின் தேனீ மட்டுமில்லை, கருநீலத்தில் பெரிய வண்டுகள், ஈ மாதிரி இருந்து அந்தரத்தில் நிற்பவை, மலையில் எங்கேயோ பிழைத்துக் கிடந்த சின்னச் சின்ன வெள்ளைப் பட்டாம்பூச்சிகள். இதைத்தான் இவ்வளவு நாள் அறுத்து அறுத்துக் கட்டி விற்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வருத்தமாக இல்லை. புதினா தன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்து, இப்போதுதான் நம்பிக் காட்டுவதுபோல இருந்தது. எழுந்தபோது கால் மரத்திருந்தது.

ஊரும் அதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. இஜ்ஜாவே விட்டுவிட்டாளே என்று இன்னும் சில பெண்கள் தங்கள் பாத்தியில் பாதியைப் பூக்க விட்டார்கள். யம்னாவின் பூசணிக்கொடியில் எப்போதும் பிஞ்சு விழுந்துவிடும், இந்த முறை வரிசையாகக் காய் பிடித்தது. அதற்கு அவள் நன்றி சொல்ல இருந்த நேரத்தில் ஒரு தேனீ அவள் மேலுதட்டில் கொட்டிவிட்டது.

"பாருடி, உன் பழைய புருஷன் கட்டிக்கிட்டவளுங்க பண்ணின வேலையை" என்று வீங்கிய உதட்டோடு சுவருக்கு மேலிருந்து குழறினாள். "உனக்குச் சக்களத்தி ஒருத்தி ரெண்டு பேர் இல்ல, ஆயிரக்கணக்குல இருக்காளுங்க. எல்லாரையும் நீயே சோறு போட்டு வளக்கறே."

இஜ்ஜா வினிகரில் நனைத்த துணியைக் கொடுத்தாள். "ரெண்டு நாள் பேசாம இரு, சரியாப் போயிடும்."

"பேசாம இருந்தா வேற ஏதாவது வீங்கிடும் எனக்கு."

ஜூலையில் ஒரு நாள் அவன் வரத் தாமதமானது. இஜ்ஜா இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள், மூன்றாவது தடவை பாதையில் கொஞ்ச தூரம் இறங்கினாள். கழுதை கல்லில் சறுக்கியிருக்கிறது. ஒரு கேன் உடைந்து, அவன் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய, மிச்சக் கேன்களோடு நொண்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

"உனக்குக் கண்ணு தெரியலையா? இந்தக் காலோட எதுக்கு வந்தே? நாளைக்கு ஊத்தினா செடி செத்தா போயிடும்?"

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் தாடிக்குள் சிரிப்பது தெரிந்தது. அவள் அவனைக் கதவுக்கு உள்ளே உட்காரவைத்து, காயத்தைக் கழுவி, சேஜ் இலையை நசுக்கிக் கட்டினாள். அதற்குப் பிறகு 'நீங்க' திரும்பி வரவில்லை. கேன்களும் வாசலில் நிற்காமல் நேராகத் தொட்டிக்கே போயின.

ஆகஸ்டில் ஊற்று நூலாக ஒழுகியது. ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு வீட்டுச் சண்டையே நடந்து முடிந்துவிடும். அப்போதுதான் உபெல்லா பேச ஆரம்பித்தான். அவனுக்கு ஆடு நிறைய, ஆட்டுக்குத் தண்ணீர் போதவில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மசூதிக்கு முன்னால் ஆண்கள் கூடினார்கள். யம்னாவின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும், பேச்சும் கேட்கும். பெண்கள் தானியம் புடைக்கிற சாக்கில் அங்கே ஏறினார்கள். இஜ்ஜா வரமாட்டேன் என்றாள். கெல்தூம் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

உபெல்லா எழுந்து நின்றான். "குடிக்கத் தண்ணி இல்லாத நேரத்துல, புருஷனை விட்டுட்டுப் போனவ வீட்டுப் பூவுக்குக் கழுதை மேல தண்ணி போகுது. தேனுக்காகப் போகுதா, வேற எதுக்காகப் போகுதான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். இஜ்ஜாவின் காது எரிந்தது. கீழே பீஹி ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவன் மெல்ல எழுந்தான். இரண்டு கையையும் ஜெல்லாபாவில் துடைத்தான்.

அந்தத் துடைப்பு அவளுக்குத் தெரியும். அடுத்தது என்ன என்றும் தெரியும். "நான் போறேன்" என்று படி பக்கம் திரும்பினாள். கெல்தூம் அவள் கையை விடவில்லை.

"அந்தத் தண்ணி என் பங்கு" என்றது பீஹியின் குரல்.

இஜ்ஜா நின்றாள்.

"எல்லா வீட்டுக்கும் உள்ள மாதிரி எனக்கும் ஒரு பங்கு. அதுக்கு மேல ஒரு சொட்டு எடுக்கல. போய்ப் பாருங்க, என் வெங்காயப் பாத்தி கல்லாக் கிடக்குது. அதுக்கு ஊத்த வேண்டியதைத்தான் அங்க ஊத்தறேன்." அவன் நிறுத்தினான். அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். "இன்னொண்ணு. அவ சும்மா என்னை விட்டுப் போகல. அவளைப் பேசினவங்க முன்னாடி நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதனாலதான் போனா. அது எங்க வீட்டு விஷயம். நீ இங்க எடுத்ததால இங்க சொல்றேன், உபெல்லா. இந்தக் கோடையில தன் பிழைப்பை விட்டுட்டு என் தேனீக்குப் பூ கொடுத்தவ அவ. கேட்டது நான், வாசல்ல நின்னு கேட்டேன். சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க. அவ பேரை இங்க எடுக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. உபெல்லா ஏதோ சொல்ல வாய் திறந்தான். மொட்டைமாடியிலிருந்து அவன் மனைவியின் குரலே முந்திக்கொண்டது: "நம்ம வீட்டுக் கொத்தமல்லியும்தான் பூத்து நிக்குது. அதுக்குத் தண்ணி ஊத்தறது யாருன்னு கேளுங்களேன், அதையும் கூட்டத்துல பேசித் தீத்துடலாம்." அதன் பிறகு கூட்டம் சிரித்தது, வேறு மாதிரி. பெரியவர் ஹாஜ் தாவூத் கையை உயர்த்தி, அவரவர் பங்கு அவரவர் இஷ்டம், ஆட்டுக்கு வேண்டுமானால் கீழ் ஊர்ப் பள்ளத்தாக்குக்கு ஓட்டுங்கள் என்று முடித்துவைத்தார்.

இஜ்ஜா வீட்டுக்கு வந்ததும் அழுதாள். சந்தோஷத்தில் என்று சொல்ல முடியாது. கோபம்தான் அதிகம் வந்தது. இவனால் முடியும் என்றால் அன்றைக்கே ஏன் முடியவில்லை? அந்தச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதில் கால்வாசி சொல்லியிருந்தால் போதுமே. எட்டு வருஷத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? அன்று சாயங்காலம் கேன்களை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். மறுநாளும் அப்படியே. அவன் எதுவும் கேட்காமல் வந்தான், இறக்கினான், போனான்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்துவைத்து, டீக்கு அடுப்பை மூட்டினாள். கிள்ளிப் போட இளசு ஒன்றும் கிடையாது, பூத்த பாத்தியிலிருந்துதான் இரண்டு தண்டு ஒடித்துப் போட்டாள். அவன் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

"கசக்குதா?"

"கசக்குது" என்றான். குடித்து முடித்து, இன்னொன்றுக்கு டம்ளரை நீட்டினான்.

அவள் ஊற்றினாள். "அன்னிக்கு இந்த வாய் எங்க போயிருந்துச்சு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அம்மா பேசினா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே நாக்கு ஒட்டிக்கும். அது ஒரு காரணமான்னு நீ கேப்பே. காரணம் இல்லதான். வெள்ளிக்கிழமைகூடப் பேசிட்டு உக்காந்தப்ப முட்டி ரெண்டும் ஆடுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியல. மேலேர்ந்து தலைதான் தெரிஞ்சுது."

"நீ மேல இருந்தியா?"

"ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் மேலதான் இருந்தோம்."

அவன் முகம் தாடியோடு சேர்ந்து சிவந்தது. இஜ்ஜா அன்றைக்குத்தான் எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவனை முழுசாகப் பார்த்தாள். இவன் இனி ஒரு பேச்சாளனாக மாறிவிடப் போவதில்லை. ஆனால் அன்று எழுந்தபோது அவனுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது, அந்தப் பயத்தோடு எழுந்தான் என்பதும்.

கடைசிப் பாத்திப் புதினா செப்டம்பர் முடியும்வரை பூத்தது. மிஞ்சிய கூடுகள் அத்தனையும் பிழைத்தன. பீஹி அந்த வருஷம் ஒரு சொட்டுத் தேன் எடுக்கவில்லை. குளிர்காலத்துக்கு அதுகளுக்கே இருக்கட்டும் என்று மூடிவைத்தான். ஒரு நாணல் கூட்டைத் திறந்து இஜ்ஜாவுக்குக் காட்டினான். அடை முழுக்கத் தேன் நிறைந்து மெழுகு மூடியிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனபோது தைம் வாசனை இல்லை. அவள் தோட்டத்து வாசனை அடித்தது.

அக்டோபரில் மழை வந்தது. சும்மா வரவில்லை, கூரையைத் தட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்துத் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இஜ்ஜா உட்கார்ந்திருந்தபோது, அதற்கு நடுவே குளம்புச் சத்தமும் கேட்டது. கதவைத் திறந்தாள். அவன் தொப்பலாக நனைந்து நின்றான், கழுதையின் இரண்டு பக்கமும் நிறைந்த கேன்களோடு.

"மழை பெய்யுது" என்றாள்.

"தெரியும்."

"தொட்டி ரொம்புது."

"தெரியும்."

"அப்ப இது எதுக்கு?"

அவன் கேன்களைப் பார்த்தான். "வேற என்ன சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியல."

அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். மழை அவன் தாடியிலிருந்து சொட்டியது. இவன் கேட்பான் என்று காத்திருந்தால் இன்னொரு எட்டு வருஷம் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தடவை வாசலில் நின்று கேட்டுவிட்டான், இனி தன் முறை என்றும் தோன்றியது.

"பதிவுக்கார அதூல்கிட்டப் போய் நிக்காஹ் எழுதிட்டா எதுவும் சொல்லிக்காம வரலாம்."

அவன், சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுபவன்போல நின்றான்.

"ஆனா நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். நீ இங்க வரணும். கூடு எல்லாத்தையும் பின்னாடி மேட்டுக்குக் கொண்டாந்துடு. தோட்டம் என்னோடது. பாதி சந்தைக்கு, பாதி அதுகளுக்கு. என்னை யாராவது பேசினா நீ எழுந்து போகக் கூடாது."

"போக மாட்டேன்."

"வாயைத் திறக்கணும்."

"திறப்பேன்" என்றான். பிறகு நேர்மையாக, "கொஞ்சம் லேட்டாகலாம்" என்றான்.

"கழுதையை உள்ள கட்டு, நனையுது."

அடுத்த செவ்வாய் சந்தைக்குப் போகும் வேனிலேயே இருவரும் ஏறினார்கள். அதூலின் ஆபீஸ் சந்தைக்குப் பக்கத்தில்தான். இஜ்ஜாவின் மடியில் மழைக்குப் பின் துளிர்த்த புதினா, சின்னக் கட்டுகளாக ஒரு கூடை. முன் சீட்டில் யம்னா. அவள் உடம்பையே திருப்பி, இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே வேன்ல எங்க கிளம்பிட்டீங்க?"

இஜ்ஜா பீஹியைப் பார்த்தாள். அவன் தொப்பியை ஒரு தடவை சரிசெய்தான். தொண்டையைக் கனைத்தான். வேன் இரண்டு வளைவு திரும்பும்வரை யம்னா பொறுமையாகக் காத்திருந்தாள்.

"நிக்காஹுக்கு" என்றான் அவன். "நீயும் வா. சாட்சிக்கு ஆள் வேணும்."

"சாட்சிக்கு ஆம்பளைதான் வேணும், பீஹி" என்றாள் யம்னா. ஆனால் வேன் நின்றதும், தான் வாங்க வந்ததை மறந்து, அவர்களுக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.